எத்தனை பேர் என்று கேட்டார்கள்: சேலத்தில் ஓர் எம்எஸ் நோயாளியும் இரண்டு மனுக்களும்

நான் சேலத்தில் பிசியோதெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். இங்கே பதிவு செய்வது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்எஸ்) என்ற நரம்பு நோய் வந்த ஒரு பெண்ணின் கதையையும், அந்த நோயின் ஆராய்ச்சிக்கும் தடுப்புக்கும் அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று நாங்கள் சிலர் எழுதிய இரண்டு மனுக்களையும். முதல் மனு ஒன்றுக்கும் ஆகவில்லை. இரண்டாவது பாதி தூரம் போனது. இடையில் என் தவறு ஒன்றும் வருகிறது. சம்பந்தப்பட்டவர் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

அவர் பிறந்தது ஏற்காட்டில், டவுனிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு மலைக் கிராமம். அப்பாவுக்குக் காபித் தோட்டத்தில் கூலி வேலை. மிளகு பறிக்கும் நாட்களில் அம்மாவும் போவார். 2014இல் கல்யாணமாகிக் கீழே வந்தார். கணவர் குடும்பத்துக்கு வெள்ளிக் கொலுசு வேலைதான். செவ்வாய்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் கணவர் கம்பி இழுக்க, இவர் கொலுசுக் கண்ணிகளைச் சேர்த்துப் பற்றவைக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார். ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முகத்துக்கு எதிரே கேஸ் நெருப்பு. நெருப்பு ஆடும் என்பதால் மின்விசிறி போட மாட்டார்கள். ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் அந்த அறைக்குள் பத்து நிமிடம் என்னால் நிற்க முடியவில்லை.

அவருடைய அம்மா வீட்டுக்கும் பட்டறைக்கும் இடையே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். மலையில் எப்படியும் ஏழெட்டு டிகிரி குறைவு. இந்த வித்தியாசம்தான் பின்னால் குடும்பத்தையும் என்னையும் குழப்பியது.

நோயைப் பற்றிக் கொஞ்சம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதை டாக்டர்களும் நோயாளிகளும் எம்எஸ் என்றே சொல்கிறோம். அரசு விண்ணப்பங்களில் தண்டுவட மரப்பு நோய் என்று இருக்கும். மூளை, தண்டுவடம், கண் நரம்பு ஆகியவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்ற உறை இருக்கிறது. மின்கம்பிக்கு மேல் போர்த்திய ரப்பர் போல என்று வைத்துக்கொள்ளலாம். உடம்பின் எதிர்ப்பு சக்தியே அந்த உறையை அரிப்பதுதான் இந்த நோய். 1868இல் பாரிஸில் ஷார்கோ இதைத் தனி நோயாக விவரித்தார். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் வந்து வந்து போகும் வகை: ஒரு தாக்குதல், சில வாரம் அவஸ்தை, அப்புறம் தானாகவே சரியாவது போல ஒரு தோற்றம். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் ஆண்டுக் கணக்கில் ஏமாறுகிறோம்.

உறை போன நரம்புக்குச் சூடு ஆகாது. உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே சேதி போவது தடைபடலாம். உடம்பு குளிர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிடும். 1890இல் இதைக் குறித்து வைத்த ஜெர்மன் கண் மருத்துவர் ஊட்டாஃப் பெயரில்தான் இது இன்றும் வழங்குகிறது. எம்ஆர்ஐ வராத காலத்தில், சந்தேகப்படும் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்ப்பதே ஒரு பரிசோதனையாக இருந்திருக்கிறது. கல்லூரியில் இதையெல்லாம் நான் படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான்.

2017 முதல் 2021 வரை: கண்ணில் பட்டும் தவறவிட்டவை

2017இல், 24 வயதில், வலது கண் மங்கியது. கண்ணை அசைத்தால் வலி, சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தது. ஒரு கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து கொடுத்தார்கள். நெருப்பைப் பார்த்து வேலை செய்வதால் வந்தது என்று எல்லாரும் சொல்ல, அவரும் நம்பினார். மூன்று வாரத்தில் பார்வை திரும்பியது.

2019இல் இரண்டாவது பிரசவம். இரண்டு மாதம் கழித்து இடுப்புக்குக் கீழே மரமரப்பு. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இந்த நோய் அடங்கியிருக்கும், பிரசவத்துக்குப் பின் முதல் மூன்று மாதத்தில் தாக்குதல் கூடும் என்பது நன்றாகவே தெரிந்த விஷயம். ஆனால் பச்சை உடம்புக்காரி கால் மரத்துப்போகிறது என்றால் சத்துக் குறைவு என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். ஊசியும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஒன்றரை மாதத்தில் குறைந்தது. மாத்திரை கேட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

2020 மார்ச் ஊரடங்கில் பிள்ளைகளோடு மலைக்குப் போனவர் எட்டு மாதம் அங்கேயே இருந்தார். ஒரு தொந்தரவும் இல்லை. தண்ணீர்க் குடம் எடுத்துச் சரிவில் ஏறினார். கீழே வந்து பட்டறையில் உட்கார்ந்ததும் மறுபடி ஆரம்பித்தது: காலையில் நன்றாக இருக்கும், மதியத்துக்குள் கால் கனக்கும், சாயங்காலம் வாசலில் உட்கார்ந்தால் சரியாகும். மாமியார் சொன்ன வார்த்தையை அவர் எனக்கு அப்படியே சொல்லியிருக்கிறார்: "மேல போனா மான்குட்டியாட்டம் ஓடறா, கீழ வந்தா காலு வரலைங்கறா. உடம்பு வணங்கலை, அவ்வளவுதான்." அம்மா வீட்டில் வேறு கணக்கு: கீழே யாரோ ஏதோ செய்துவைத்திருக்கிறார்கள். இரண்டு தரப்புமே கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார்கள். பார்த்தது சரி, காரணம்தான் தவறு.

என் மேசையில் நடந்தது

2021 ஏப்ரலில் இடுப்பு ஜவ்வு விலகல் என்ற சந்தேகத்தோடு என்னிடம் வந்தார். எம்ஆர்ஐ எடுக்கவில்லை, எக்ஸ்ரே மட்டும். குனிந்தால் முதுகில் கரண்ட் அடிக்கிற மாதிரி ஓடுகிறது என்றார். கழுத்தைக் குனியும்போதா, இடுப்பைக் குனியும்போதா என்று நான் கேட்கவில்லை. கழுத்தைக் குனிந்தால் அப்படி ஓடுவது தண்டுவடத்தைச் சந்தேகிக்க வேண்டிய அறிகுறி.

முதுகுக்கு 20 நிமிடம் சூட்டு ஒத்தடம் வைத்தேன். எடுத்த பிறகு அவரால் மேசையிலிருந்து இறங்க முடியவில்லை. இரண்டு காலும் துணி மாதிரி துவண்டன. ஃபேனுக்குக் கீழே ஒரு மணி நேரம் படுக்கவைத்தேன், சரியானது. அன்று என் பதிவேட்டில் நான் எழுதியது: "பயம் காரணமாக ஒத்துழைப்பு இல்லை." அந்தக் காலத்து வெந்நீர்த் தொட்டிப் பரிசோதனையை என் கையாலேயே செய்துவிட்டு, முடிவைத் தப்பாக எழுதி மூடினேன். அடுத்த மாதம் மறுபடி ஊரடங்கு. அவர் திரும்ப வரவில்லை. அந்தப் பதிவேடு இல்லாவிட்டால் நான் மறந்தே போயிருப்பேன்.

2022: நோய்க்குப் பெயர் கிடைத்தது

2022 ஜூனில் பேருந்துப் படியில் தடுமாறி விழுந்தார். சிறுநீர் அடக்க முடியாத தொந்தரவும் சேர்ந்துகொண்டது. அதை அவர் கணவரிடம்கூட இரண்டு மாதம் சொல்லவில்லை. ஆகஸ்டில் நரம்பியல் நிபுணர் ஒருவர் 2017இல் தொடங்கி வரிசையாக எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். கண், பிரசவத்துக்குப் பின் மரமரப்பு, மலை, பட்டறை. "அந்த டாக்டர் கேட்ட கேள்வியிலயே எனக்குப் பாதி தெம்பு வந்துருச்சுக்கா" என்றார் பின்னால்.

மூளைக்கும் தண்டுவடத்துக்கும் எம்ஆர்ஐ, முதுகில் நீர் எடுத்துப் பரிசோதனை, ரத்தத்தில் அக்வாபோரின்-4 எதிர்ப்பொருள் இருக்கிறதா என்ற பரிசோதனை. கடைசியாகச் சொன்னது நம் நாட்டில் முக்கியம். நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்ற வேறொரு நோய் எம்எஸ் மாதிரியே வேடம் போடும். அதற்கு எம்எஸ் மருந்துகளில் சிலவற்றைக் கொடுத்தால் நோய் இன்னும் முற்றும். இவருக்கு அந்த எதிர்ப்பொருள் இல்லை. எம்எஸ் என்று உறுதியானது. ஐந்து நாள் தினம் 1 கிராம் மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை ரத்தக் குழாயில் ஏற்றினார்கள். முதல் கண் அறிகுறியிலிருந்து கணக்கிட்டால் ஐந்து ஆண்டு.

மருந்தும் ஐந்து மாதமும்

ஸ்டீராய்டு அப்போதைய தாக்குதலை அடக்கும், அவ்வளவுதான். அடுத்த தாக்குதல் வராமல் தடுக்க வேறு மருந்து வேண்டும். முதல் மருந்தான இன்டர்ஃபெரான் 1993இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று பத்துக்கு மேல் இருக்கின்றன, பல எட்டாத விலை. டாக்டர் ரிட்டுக்சிமாப் என்றார். புற்றுநோய்க்கு வந்த மருந்து, இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். வாரம் மூன்று ஊசியைக் குளிர்பெட்டியில் வைத்துக் காப்பாற்றும் வசதி அந்த வீட்டில் இல்லை என்பதையும் அவர் கணக்கில் எடுத்தார். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து என்பதால் காசநோய், மஞ்சள் காமாலை பி இரண்டுக்கும் முதலில் பரிசோதனை.

பரிசோதனையெல்லாம் செப்டம்பரிலேயே முடிந்தது. பணம்தான் இல்லை. ஒரு முறைக்கு மருந்துக்கு மட்டுமே 30,000 ரூபாய்க்கு மேல். காப்பீட்டு அட்டையைக் கொண்டு ஒரு மருத்துவமனைக்குப் போனார்கள். புற்றுநோய் என்றால் இதே குப்பிக்கு வழி இருக்கிறது, இந்த நோய்க்குத் தனி அனுமதி வேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். 2023 ஜனவரியில், மருந்துக்குக் காத்திருந்தபோதே, அடுத்த தாக்குதல். இடது கால் பலவீனம் முழுதாகத் திரும்பவில்லை. அன்று பிடித்த ஊன்றுகோலை அவர் இன்றுவரை விடவில்லை. பிப்ரவரியில் தாலிக்கொடி அடகு, பட்டறை முதலாளி கொடுத்த முன்பணம், மலையில் அப்பா விற்ற ஒரு மாடு எல்லாம் சேர்ந்து முதல் மருந்து ஏறியது.

அந்த மாதம்தான் அவர் நடைப் பயிற்சிக்காக மறுபடி என்னிடம் வந்தார். பழைய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "நீங்க மட்டுமாக்கா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

முதல் மனு

அவருடைய கணவர் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து மனு பிறந்தது: "இது ஏன் மேடம் வந்துச்சு? எம் பொண்ணுக்கும் வருமா?" அம்மாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல்தான், ஆனாலும் நூற்றுக்கு இரண்டு மூன்று என்ற அளவு. அதுவும் மேற்கு நாடுகளின் கணக்கு என்று சொன்னேன். "நம்ம நாட்டுக் கணக்கு?" என்றார்.

எனக்குத் தெரிந்த நோயாளிகள், அவர்களுடைய வீட்டார் என ஒன்பது பேர் கூடினோம். மே 30 உலக எம்எஸ் நாள். அதற்கு முந்தின நாள், 2023 மே 29, திங்கட்கிழமை. கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டம். நான்கு பக்க மனுவோடு போனோம். இப்போது எடுத்துப் படித்தால் வெட்கமாக இருக்கிறது. "இந்தக் கொடிய நோயை ஒழிக்க அரசு உடனடியாக ஆராய்ச்சிக்கு நிதி ஒதுக்க வேண்டும்" என்று தொடங்கி, இலவச மருந்து, வேலை, வீடு, பேருந்துச் சலுகை எல்லாம் ஒரே மூச்சில். மேலே அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம். அந்த நாற்காலி அவருடையதுகூட அல்ல, என் கிளினிக்குடையது. பார்ப்பவர்கள் மனம் இளகும் என்று நான்தான் வைத்தேன்.

மனுவை வாங்கிய அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். பொறுமையாகப் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "நம்ம மாவட்டத்துல எத்தனை பேருக்கு இருக்கு?" ஒன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு வாரத்தில் பதில் வந்தது: மனு உரிய துறைக்கு அனுப்பப்பட்டு முடிக்கப்பட்டது. எந்தத் துறை என்று அதில் இல்லை.

படத்தைப் பற்றி அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்துச் சொன்னார்: "அடுத்த தடவ நான் பட்டறையில வேலை செய்யற படத்தப் போடுங்கக்கா. இல்லாட்டி படமே வேண்டாம்."

நோட்டு

எத்தனை பேர் என்ற கேள்விக்கு யாரிடமாவது பதில் இருக்கும் என்றுதான் முதலில் தேடினோம். உலக அளவில் 2020 கணக்குப்படி 28 லட்சம் பேர். சேலத்துக்கென்று ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்தில் கிடைத்தது மங்களூரு நகரில் நடந்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு: லட்சத்துக்குச் சுமார் எட்டுப் பேர். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டம் 34.8 லட்சம். பெருக்கினால் 280க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. கடற்கரை நகரத்தின் விகிதத்தை இங்கே அப்படியே ஒட்ட முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் 280 எங்கே, நாங்கள் அறிந்த சில பேர் எங்கே?

ஒரு நீள நோட்டு வாங்கினோம். நரம்பியல் டாக்டர்களிடம் நோயாளிகளின் பெயரைக் கேட்கவில்லை, கேட்பது முறையும் இல்லை. எங்கள் எண்ணை நோயாளிகளிடம் கொடுங்கள், விருப்பம் இருந்தால் அவர்களே அழைக்கட்டும் என்றோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண்களில் எனக்குத் தெரிந்த சிலரிடம், "விட்டு விட்டு வரும் கால் மரமரப்பு, சின்ன வயசு, வெயிலில் கூடும்" என்று மூன்று அடையாளம் சொல்லிவைத்தேன். எட்டு மாதத்தில் 21 பேர். இரண்டு பேர் நாமக்கல் மாவட்டம் என்று தனியாக எழுதினோம். மூன்று பேரின் அறிக்கைகளைப் பார்த்தால் நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா. மீதி 16. இது மாவட்டக் கணக்கு ஆகாது, எங்கள் கைக்கு எட்டியது மட்டும். ஒவ்வொருவருக்கும் முதல் அறிகுறி எப்போது, நோய் உறுதியானது எப்போது, மருந்து கிடைத்தது எப்போது என்று மூன்று தேதி. தேதிகளுக்கு இடையிலிருந்த தூரத்தைப் படித்தபோது எங்களுக்கே மனுவில் என்ன எழுத வேண்டும் என்று புரிந்தது.

ஆராய்ச்சியை வைப்பதா, எடுப்பதா

இரண்டாவது மனுவுக்கு முன் எங்களுக்குள் சண்டையே வந்தது. ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர், அவருடைய மகனுக்கு எம்எஸ், ஆராய்ச்சி என்ற சொல்லையே எடுத்துவிடலாம் என்றார். "மருந்தைக் கேப்போம்ங்க. ஆராய்ச்சியெல்லாம் வெள்ளைக்காரன் பாத்துக்குவான்." நானும் ஏறக்குறைய அந்தப் பக்கம்தான் இருந்தேன்.

ஆராய்ச்சி இருக்கட்டும் என்று நின்றவர் இவர்தான். "எனக்கு மருந்து ஆறு மாசக் கெடு. எம் பொண்ணுக்கு இன்னும் பன்னெண்டு வருஷம் இருக்கு. அதுக்குள்ள கண்டுபிடிக்கச் சொல்லுங்க." மகளுக்கு அப்போது எட்டு வயது. நோய் தொடங்கும் வயது இருபது என்று நான் எப்போதோ சொன்னதை வைத்துக் கழித்துப் பார்த்திருக்கிறார்.

அதன் பிறகு நான் கொஞ்சம் படித்தேன். அவருக்கு ஏறும் ரிட்டுக்சிமாப்பையே எடுத்துக்கொள்வோம். அது எம்எஸ்ஸுக்கு நல்லது என்று நிரூபிக்க எந்த மருந்துக் கம்பெனிக்கும் அவசரம் இல்லை. காப்புரிமை முடிந்த சரக்கு. ஸ்வீடனில் அரசு ஆராய்ச்சி மன்றத்தின் பணத்தில் சுமார் 200 நோயாளிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2022இல் முடிவு வந்தது: இரண்டு ஆண்டில் ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களில் 3 சதவீதம் பேருக்கும், விலை கூடிய டைமெத்தில் ஃபூமரேட் மாத்திரை எடுத்தவர்களில் 16 சதவீதம் பேருக்கும் நோய் மறுபடி தாக்கியிருந்தது. 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்எஸ்ஸுக்கென்று முதன்முறையாக மூன்று மருந்துகளைச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிராமர், ரிட்டுக்சிமாப். ஆக, ஒரு நாட்டு மக்களின் வரிப்பணத்தில் நடந்த ஆராய்ச்சி செவ்வாய்பேட்டைப் பெண்ணின் கைநரம்பு வரை வந்திருக்கிறது. வங்கிக்காரரிடம் இதைச் சொன்னதும் அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

தடுப்பு விஷயமும் இப்படித்தான். 2022 ஜனவரியில் வந்த அமெரிக்க ஆய்வு, ராணுவத்தில் பணியாற்றிய ஒரு கோடிப் பேருக்கு மேல் இருபது ஆண்டுகளாகச் சேமித்த ரத்த மாதிரிகளைக் கொண்டு நடந்தது. எம்எஸ் வந்த 955 பேரைக் கண்டுபிடித்து, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பிறகு நோய் வரும் அபாயம் 32 மடங்கு ஆவதைக் காட்டினார்கள். நம் ஊரில் அந்த வைரஸ் சின்ன வயதிலேயே ஏறக்குறைய எல்லாருக்கும் தொற்றிவிடுகிறது. அப்படியென்றால் எல்லாருக்கும் வராமல் சிலருக்கு மட்டும் ஏன்? வைட்டமின் டி குறைவு, புகை, வளர் பருவத்து உடற்பருமன் என்று வேறு காரணிகளையும் சொல்கிறார்கள். இங்கே எது எவ்வளவு என்று இங்கேதான் பார்த்தாக வேண்டும். அதற்கு யாராவது முதலில் நோட்டுப் போட்டு வைத்திருக்க வேண்டும். நோட்டே இல்லாமல் ஆராய்ச்சி நிதி கேட்டுத்தான் நாங்கள் முதல் மனுவில் போய் நின்றோம்.

இரண்டாவது மனு

2024 பிப்ரவரி 12, மறுபடி ஒரு திங்கட்கிழமை. இந்த முறை மூன்று மனு, ஒவ்வொன்றும் ஒரே பக்கம், மூன்று வெவ்வேறு இடத்துக்கு. எந்த மேசைக்கு எதைக் கொடுக்க அதிகாரம் இருக்கிறதோ அதை மட்டும் அங்கே கேட்பது என்று முடிவு செய்தோம். மாவட்ட அலுவலகத்திடம் ஆராய்ச்சி நிதி கேட்டது, தபால் நிலையத்தில் ரேஷன் அரிசி கேட்ட கதை.

மாவட்டத்திடம் கேட்டது: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் எம்எஸ் இருக்கிறது, எங்கள் 16 பேரில் நான்கு பேரிடம்தான் அடையாள அட்டை இருந்தது. நரம்பியல் நிபுணரோடு ஒரு முகாம் வேண்டும். மாநிலச் சுகாதாரத் துறையிடம்: உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலைக் காட்டி, ரிட்டுக்சிமாப் எம்எஸ் நோயாளிகளுக்கும் அரசு மருத்துவமனையில் கிடைக்க வேண்டும். தில்லிக்கு, ஒரு மக்கள் பிரதிநிதி வழியாக: இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆதரவில் தில்லி எய்ம்ஸை மையமாகக் கொண்டு 2021இல் எம்எஸ்ஸுக்கான தேசியப் பதிவேடு தொடங்கியிருக்கிறது. பெரிய நகரங்களின் பெரிய மருத்துவமனைகளோடு நிற்காமல், மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரிகளிலிருந்தும் நோயாளிகளைப் பதிய ஆளும் பணமும் ஒதுக்க வேண்டும். இந்தியாவில் நோய் ஏன், யாருக்கு வருகிறது என்ற ஆய்வுக்கும், சீக்கிரம் கண்டறியும் பயிற்சிக்கும் தனி நிதி வேண்டும். தடுப்பு என்ற சொல்லையும் பிரித்து எழுதினோம். நோயே வராமல் தடுக்க இன்று யாரிடமும் வழி இல்லை, அதற்கு ஆராய்ச்சி. வந்த நோய் முடமாக்காமல் தடுக்க இன்றே வழி இருக்கிறது, அதற்கு மருந்தும் பயிற்சியும். படம் வைக்கவில்லை. பதிலாக, பெயர்களை நீக்கிவிட்டு 16 பேரின் மூன்று தேதிகள்.

பிறகு நடந்தவை

மார்ச் 16இல் நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்து, நடத்தை விதிகள் அமலாகி, ஜூன் வரை எதுவும் நகரவில்லை. இதை நாங்கள் யோசித்திருக்க வேண்டும்.

ஜூலையில் முகாம் நடந்தது. குளிரூட்டிய அறை, காலை ஒன்பது மணி. இவருக்கு ஊனம் 35 சதவீதம் என்று எழுதினார்கள். சட்டப்படி சலுகைகளுக்கு 40 வேண்டும். பொய் சொல்லவில்லை யாரும். அந்த நேரத்தில் அந்த அறையில் அவர் அவ்வளவு நன்றாகத்தான் நடந்தார். மேல்முறையீட்டில் நரம்பியல் டாக்டரின் கடிதத்தோடு, நாள் முழுக்க இரண்டு மணிக்கு ஒருமுறை நான் எடுத்த பத்து மீட்டர் நடை நேரக் குறிப்புகளை வைத்தோம். காலை ஏழு மணிக்கு எடுத்ததற்கும் மதியம் இரண்டு மணிக்கு எடுத்ததற்கும் நேரம் இரட்டிப்பாகியிருந்தது. அக்டோபரில் 50 சதவீதம் ஆனது. டிசம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை வருகிறது. 16 பேரில் அட்டை வாங்கியவர்கள் இப்போது 11.

மருந்து: 2024 ஆகஸ்ட் முறைக்கும் கடன்தான். 2025 பிப்ரவரி முறை ஓர் அரசு மருத்துவமனையில் உள்ளூர்க் கொள்முதலில் வாங்கி ஏற்றினார்கள். எங்கள் மனுவால்தானா, அங்கே புதிதாக வந்த டாக்டரின் முயற்சியாலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இது நிரந்தர ஏற்பாடும் இல்லை, ஒவ்வொரு முறையும் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது. 2023 ஜனவரிக்குப் பிறகு புதிய தாக்குதல் இல்லை.

ஆராய்ச்சி நிதி: மனு கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்படும் என்று இரண்டு வரி ஆங்கிலக் கடிதம். அதோடு சரி.

பற்றவைக்கும் வேலையை அவர் விட்டுவிட்டார். வீட்டில் உட்கார்ந்து கண்ணி கோர்க்கிறார், காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு. கூலி முன்பைவிடப் பாதிதான். மாமியார்தான் மதியத்துக்கு மேல் சமைக்கிறார். வணங்கலை என்ற சொல் அந்த வீட்டில் இப்போது இல்லை என்று கணவர் சொன்னார். மாமியார் என்னிடம் இதைப் பற்றிப் பேசியதே இல்லை.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

என் தொழிலைப் பொறுத்தவரை: 50 வயதுக்குக் கீழே உள்ள யாருக்கும் சூட்டு ஒத்தடம் வைக்கும் முன் வெயிலில், வெந்நீர்க் குளியலில் தொந்தரவு கூடுகிறதா என்று இப்போது கேட்கிறேன். முன்பு எப்போதாவது கண் மங்கியதா என்றும். இரண்டு கேள்விக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகாது. "ஒத்துழைப்பு இல்லை" என்று எழுதுவதை நிறுத்திவிட்டேன். என்ன நடந்ததோ அதை எழுதுகிறேன்.

மனு விஷயத்தில், நோட்டை முதலிலேயே தொடங்கியிருந்தால் ஒன்பது மாதம் மிச்சமாகியிருக்கும். ஊனமுற்றோர் சான்று முகாமைச் சித்திரை, வைகாசியில் கேட்டிருக்க வேண்டும், மதிய நேரத்தில். படத்துக்கு அவரிடம் கேட்டேனா என்று யாராவது கேட்டால், கேட்டேன் என்றுதான் சொல்வேன். ஆனால் முன்பு என்னிடம் சிகிச்சைக்கு வந்தவர், இப்போதும் வருபவர், எப்படி மாட்டேன் என்பார்? அடுத்த முறை அந்தக் கேள்வியை நான் கேட்கக் கூடாது, வேறொருவர் கேட்க வேண்டும்.

தில்லிக்கு மூன்றாவது மனு தயாராகிறது. இந்த முறை தருமபுரி, நாமக்கல், ஈரோடு பக்கத்து நோயாளிகளையும் சேர்த்து எழுதலாம் என்று வங்கிக்காரர் சொல்லியிருக்கிறார். ஆராய்ச்சிப் பத்தியை எழுதுவது அவர்தான்.

நோட்டில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறோம்: வெயிலில் கூடுகிறதா? பெரும்பாலோர் ஆம் என்று எழுதியிருக்கிறார்கள். ஏற்காட்டில் இருக்கும் இருவர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.